ஆறேகால் முதல் ஏழு வரை

அப்பா நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் விளிம்புக்கு நகர்ந்து வருவார். இரண்டு கைகளையும் கைப்பிடிகளில் ஊன்றுவார். ஒரு பெருமூச்சு. அப்புறம் உடம்பை முன்னால் சாய்த்து, கைகளாலேயே தன்னைத் தூக்கிவிட்டதுபோல எழுவார். எழுந்ததும் இரண்டு விநாடி அப்படியே நின்று, கால் நிலைகொண்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அவருக்கு வயது 76. தினமும் பார்ப்பதால் இதெல்லாம் என் கண்ணில் படுவதே இல்லை.

போன வருடம் ஒரு மாலை அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எழும்போது என் வலது கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது. பிடித்து, ஊன்றி, எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. மறுபடி உட்கார்ந்து, கை வைக்காமல் எழுந்து பார்த்தேன். முடிந்தது. ஆனால் தொடை இரண்டும் நடுங்கின. எனக்கு வயது 44.

"என்னம்மா, கால் வலிக்குதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. 76 வயதில் அப்பா செய்வதை நான் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் மனத்தில் திரும்பத் திரும்ப ஓடியது.

உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தவள் நான். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. காலையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கிளப்பி, அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள்ளேயே ஒரு நாள் வேலை முடிந்ததுபோல இருக்கும். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. மாதக் கடைசி வந்தால் நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். வீடு திரும்பினால் சமையல், பிள்ளைகளின் பாடம், மறுநாளைக்கான ஏற்பாடு. "நேரம் இல்லை என்பதெல்லாம் வெறும் சாக்கு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவர்கள் வீட்டில் சமைப்பது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது யார் என்று கேட்கத் தோன்றும்.

இருந்தாலும் அந்த நாற்காலிச் சம்பவத்துக்குப் பிறகு ஒன்று செய்தேன். பணம் எங்கே போகிறது என்று தெரியாதபோது எங்கள் பிரிவில் என்ன செய்வோமோ அதையேதான். ஒரு நோட்டில், ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று வரி வரியாக எழுதினேன். எதையும் மாற்ற முயலவில்லை, பற்று எழுதுவது மட்டும்தான். ஏழு நாளும் முடிந்து பார்த்தபோது, ஐந்து நாட்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: மாலை 6.15 – 7.00, உட்கார்ந்தேன்.

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று சொல்கிறேன். வாசல் கதவைத் திறந்ததும் இடது பக்கம் ஒரு நாற்காலி. பை தோளில் இருக்கும்போதே அதில் உட்கார்ந்துவிடுவேன். ஐந்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டுதான். கையில் போன். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கும், எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஷூவில் ஒன்று கழன்றிருக்கும், இன்னொன்று காலிலேயே இருக்கும். பக்கத்து அலமாரியில் பிஸ்கட் டப்பா, கை எட்டும் தூரத்தில். பசியே இல்லாமல் நான்கைந்து உள்ளே போயிருக்கும். ஏழு மணிக்கு யாராவது "அம்மா" என்று கூப்பிடும்போது எழுந்தால் தலை கனத்து, வந்தபோது இருந்ததைவிட அதிக அலுப்பாக இருக்கும்.

நோட்டைப் பார்த்ததும் சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொஞ்சம் நிதானமாக யோசித்தபோது அது சரியில்லை என்று பட்டது. சோம்பேறி 5.30 மணிக்கு எழமாட்டாள். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் எனக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. என்ன அது? நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நாற்காலியில், போனை முகத்துக்கு நேரே பிடித்திருக்கும்போது மட்டும்தான் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்தத் தனிமை. போனும் பிஸ்கட்டும் அதற்கு நான் மூடிக்கொண்ட கதவு.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ முறை ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். ஜிம்மில் ஒரு வருடச் சந்தா கட்டி ஆறு தடவை போனேன். இன்னொரு முறை காலை 4.30 மணிக்கு அலாரம் வைத்தேன். பத்து நாள் நடந்தது. அந்தப் பத்து நாளும் மதியம் இனிப்புக்காக உடம்பு தவித்தது. காரணம் அப்போது தெரியவில்லை. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு தலா நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. அதிலும் இனிப்பு, மாவு வகைகள் மேல்தான் ஆசை அதிகம் ஏறியது. ஏற்கெனவே ஆறு மணி நேரம் தூங்குகிற ஒருவர் அதிலும் ஒரு மணி நேரத்தை வெட்டி உடற்பயிற்சிக்குக் கொடுப்பது நல்ல பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கிருந்தாவது எடுங்கள், தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த 21 நாள் கணக்கு. எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று எங்கெங்கோ கேட்டு, காலண்டரில் கட்டம் போட்டு நானும் ஆரம்பித்தேன். 19-ஆம் நாள் மகனுக்குக் காய்ச்சல், அன்று நடக்க முடியவில்லை. கணக்கு உடைந்துவிட்டது என்று காலண்டரையே கழற்றி வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த 18 நாளுக்காக வருத்தமாக இருக்கிறது. 21 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

பழக்கம் உருவாக எவ்வளவு நாள் ஆகும் என்று நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேர், 12 வாரம். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது, 12 வாரத்தைத் தாண்டியது அவர்கள் கணக்கிட்டுச் சொன்னது. அதிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. என் 19-ஆம் நாள் எதையும் உடைத்திருக்கவில்லை. உடைந்ததாக நான்தான் முடிவு செய்துவிட்டேன்.

சரி, இந்த முறை என்ன செய்தேன்?

முதலில் நாற்காலியை இடம் மாற்றினேன். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் ஒரு பழக்கம் நன்றாக ஊறிவிட்ட பிறகு அதை நாம் யோசித்துச் செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி அந்தத் தொடரை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. இடமோ நேரமோ ஒரு வாசனையோ தட்டிவிட்டால் போதும், மிச்சம் தானாக ஓடும். கதவு திறந்தது, நாற்காலி கண்ணில் பட்டது, உட்கார்ந்தாயிற்று. நடுவில் முடிவெடுக்க இடமே இல்லை. அதனால் மனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட நாற்காலியைத் தூக்கி உள்ளறையில் போடுவது சுலபமாக இருந்தது. பிஸ்கட் டப்பா அடுப்படியில் மேல் தட்டுக்குப் போனது, ஸ்டூல் போட்டால்தான் எட்டும். வாசலில் நாற்காலி இருந்த இடத்தில் நடைக்கான ஷூவை வைத்தேன், உள்ளே காலுறையோடு.

இரண்டாவது, ஒரு வாக்கியம் எழுதி அந்த நோட்டிலேயே ஒட்டினேன்: "கதவைத் திறந்ததும் பையை வைப்பேன், ஷூவை மாற்றுவேன், திரும்பி வெளியே போவேன்." 'தினமும் நடப்பேன்' என்று முன்பெல்லாம் எழுதியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 2002-ல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் படிக்கக் கொடுத்து ஊக்கமூட்டினார்கள். இன்னொரு குழுவிடம் அதோடு சேர்த்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே செய்யப்போகிறீர்கள் என்றும் எழுதி வாங்கினார்கள். ஊக்கம் மட்டும் பெற்றவர்களில் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம், எதுவுமே கொடுக்கப்படாதவர்களில் 38 சதவீதம். நேரமும் இடமும் எழுதியவர்களில் 91 சதவீதம். ஊக்கமூட்டும் வீடியோக்களை மணிக்கணக்கில் பார்த்தும் நான் ஏன் ஓர் அடிகூட நகரவில்லை என்பது இதைப் படித்தபோது புரிந்தது.

முதல் வாரம் பத்து நிமிடம்தான். அதுவும் சரியாக அமையவில்லை. நடக்கிற நேரத்தைப் பயனுள்ளதாக்கலாம் என்று காதில் ஏதோ பேச்சைப் போட்டுக்கொண்டேன், நடந்துகொண்டே நான்கு பேருக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் கால் மறுபடி நாற்காலியைத் தேடியது. நடந்தேன், ஆனால் எனக்குத் தேவைப்பட்டது கிடைக்கவில்லை, அதுதான் காரணம். எட்டாம் நாள் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன். முதல் சில நிமிடம் கை பாக்கெட்டைத் துழாவிக்கொண்டே இருந்தது. இரண்டு தெரு தாண்டியதும் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று பத்து நிமிடம் இருபத்தைந்தானது எனக்கே தெரியவில்லை.

கெட்ட பழக்கத்தை விட நினைக்கிறவர்களிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் பழக்கம் உங்களுக்கு எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் பிடுங்கினால், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அலுவலகத்தில் ஒரு நண்பர் சிகரெட்டை விட இரண்டு முறை முயன்று தோற்றார். மூன்றாம் முறை, சிகரெட்டை விட்டார், ஆனால் அதற்காகத் தினமும் மாடியிலிருந்து கீழே இறங்கிப் போய் நின்ற பத்து நிமிடத்தை விடவில்லை. அதே நேரம் இறங்குவார், கட்டடத்தை இரண்டு சுற்று நடப்பார், ஏறி வருவார். மேஜையிலிருந்து எழுந்து போகிற அந்த இடைவெளி அவருக்கு வேண்டியிருந்தது.

எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்வியில்தான் நிறையப் பேர் பயந்துபோய் விலகிவிடுகிறார்கள். நாளுக்கு 10,000 அடி என்பதை நானும் மருத்துவ விதி என்றே நினைத்திருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடைமானியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்க இலக்கானது. 2019-ல் வயதான பெண்கள் 16,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. அந்த அளவு மூச்சு வாங்க வேண்டும். முன்பு, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் மாடி ஏறினாலும் கணக்கில் சேரும். வேலையோடு ஓடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்பேன்.

மாடி என்றதும் லண்டன் பஸ் நடத்துநர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே நிறுவனம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் இரண்டடுக்குப் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 படிகளுக்கு மேல் ஏறுவார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கவில்லை, வேலையிலேயே அது இருந்தது. என் வேலையில் இல்லை. அதனால் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு லிஃப்டை விட்டேன். ஆரம்பத்தில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், காது அடைத்ததுபோல இருக்கும். இப்போது மேலே போய்ச் சேர்ந்த கையோடு பேச முடிகிறது.

நடை மட்டும் போதாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. என்னை எழுப்பிவிட்டதே தொடையின் பலவீனம். முப்பது வயதுக்கு மேல், ஒன்றும் செய்யாமல் இருந்தால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாக. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுங்கள் என்று அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் செய்வது இது: உலை கொதிக்கிற நேரத்தில் நாற்காலியிலிருந்து கை வைக்காமல் பத்து முறை எழுந்து உட்கார்வது. அடுப்படி மேடையில் கை ஊன்றிப் பத்து தண்டால். சுவரோரமாக நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. முதல் வாரம் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கல்லாக வலித்தது. பழக்கமில்லாத தசைக்கு அது வருவதுதான், இரண்டு மூன்று நாளில் போய்விடும். நெஞ்சு வலி, மயக்கம், மூட்டில் கூர்மையான வலி என்றால் அது வேறு. அதைப் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வீட்டில் கேட்பது. 6.15 முதல் 7 வரை நான் வெளியே இருப்பேன், அந்த நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவரிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன். உட்கார்ந்து போன் பார்த்தபோது வராத குற்றவுணர்வு, நடக்கப் போகிறேன் என்றபோது வந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தபோது கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருந்தேன். இப்போது கூப்பிட முடியாத இடத்துக்குப் போகிறேன். அவர் "சரி, போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான். பெரிய மகள் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் காய் நறுக்கி வைத்திருந்தாள், எல்லாம் ஒவ்வோர் அளவில். அப்படியே சமைத்தேன்.

இது எட்டாவது மாதம். எல்லா நாளும் நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக் கணக்கு முடிக்கிற இரண்டு வாரம் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்தேன். அந்த நாட்களுக்கென்று ஒரு சின்ன அளவு வைத்துக்கொண்டேன்: ஷூவை மாட்டி, வாசலைத் தாண்டி, தெருமுனை வரை போய்த் திரும்புவது. நான்கு நிமிடம். அது உடம்புக்காகச் செய்தது இல்லை. கதவு, ஷூ, தெரு என்ற தடம் அழிந்துபோகாமல் இருப்பதற்காக. முழுதாக விட்டுப்போன நாட்களும் உண்டு. நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த நாளை எழுதுவேன்.

இரவுப் போன் இன்னும் முழுதாகப் போகவில்லை. படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுகிறேன், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எழுந்து போய் எடுத்துவருகிறேன். அதற்குள்ளும் ஏதோ ஒரு தேவை இருக்கிறது. அது என்ன என்று இன்னும் பிடிபடவில்லை.

போன மாதம் நான் உலைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்ததை அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "எத்தனை?" என்றார். "உங்களுக்கு மூணு போதும்ப்பா. கையை வச்சுக்கோங்க, பரவாயில்லை" என்றேன். அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். தாராளமாகச் செய்யட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்.

இப்போது ஐந்து செய்கிறார். நேற்று நாலாவது முறை எழும்போது இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கை மட்டும் கைப்பிடியில். எழுந்து, வழக்கம்போல இரண்டு விநாடி நின்றார். அப்புறம் உட்கார்ந்து, "இன்னொண்ணு பாக்கி இருக்கு, எண்ணு" என்றார்.